தோள்பட்டைத் துண்டு

மழை பிடித்துவிட்டால் மரக்காணத்து உப்பளங்களில் எங்களுக்கு வேலை கிடையாது. போன வருஷம் அந்தச் சும்மா நாட்களில்தான் ஒட்டுப் போர்வை தைக்க உட்கார்ந்தேன். டெய்லர் கடையில் கூட்டித் தள்ளிய வெட்டுத் துணிகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். முக்கோணம், கோணல், வால் மாதிரி நீளம், எது எப்படி இருந்ததோ அப்படியே வைத்துக் கையால் தைத்தேன். அளவு கிடையாது, கோடு கிடையாது. வருஷமெல்லாம் பாத்தி வரப்பு மேலேயே நேராக நடக்கிறவளுக்குத் துணியிலுமா நேர்கோடு?

நடுவில் வைக்க என்னிடம் வேறொரு துணி இருந்தது. உப்பளத்தில் பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டுக்கொள்வோம். தலையிலிருக்கும் உப்புக்கூடை வடிந்து வடிந்து தோள்பட்டை வெளுத்து, முறமுறவென்று ஆகிவிடும். ஆறு வருஷம் போட்ட என் சட்டையின் இரண்டு தோளையும் வெட்டி நட்டநடுவில் வைத்தேன். அலசிய சட்டைதான். ஆனால் பழக்க தோஷம், கடைசி வேலை நாளன்று உப்பளத்து பம்பு தண்ணீரிலேயே அலசித் தொலைத்திருந்தேன். அந்தத் தண்ணீரைக் காய வைத்துத்தான் உப்பே எடுக்கிறோம். புத்தி எங்கே போனதோ.

ஐப்பசியில் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மகள் புதுச்சேரியில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். இடத்தைக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரரின் அக்கா. காலையிலேயே பூப்போட்ட புது பெட்ஷீட்டோடு வந்துவிட்டாள்.

“கந்தல் மேலயா வர்றவங்கள உக்கார வைப்ப? எடுத்து உள்ள வைடி.”

“கந்தல் இல்ல அண்ணி, நான் தச்சது. கட்டில்லதான் இருக்கும்.”

“உங்களுக்குச் சொந்தமா உப்பளம் இருக்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். மானத்த வாங்காத.”

எனக்குச் சுருக்கென்றது. கூலிக்கு உப்பு சுமந்துதான் மகளைப் படிக்க வைத்தேன், திருடிவிட்டு வரவில்லை. போர்வையை எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யை மட்டும், மகள் வாழ்க்கையாயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன்.

பையனின் அம்மா கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே தூறல். காபி குடித்து எழுந்தபோது அவர் புடவையின் பின்பக்கம் இரண்டு ஈரத் திட்டு. மழைக் காற்றுக்கு உப்புத் துணி நசநசத்துப் போயிருந்தது.

“பக்கத்து வூட்டுக் கொழந்த ஒண்ணுக்குப் போயிடுச்சி போல,” என்றாள் நாத்தனார், கொஞ்சமும் யோசிக்காமல்.

என் ஆறு வருஷத்தைக் குழந்தை மூத்திரம் என்கிறாளே.

“அது உப்புங்க,” என்றேன். “நான் கூலிக்கு உப்பு தூக்கறவ. அது என் சட்டை. எங்களுக்கு உப்பளம்லாம் கெடையாதுங்க.”

ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். சொல்லவேயில்லை.

“பெத்த பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே,” என்று நாத்தனார் ஒரு வாரம் ஆடித் தீர்த்தாள். அவளுக்கு நான் பயப்படவில்லை. மகள் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிப் போனாளே, அதுதான் என்னை அறுத்தது. அந்தத் துண்டுகளைப் பிரித்துவிடலாம் என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். எதற்குப் பிரிக்க வேண்டும் என்று கோபம் வந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, தோள்பட்டைகளைச் சுற்றிச் சிவப்பு நூலில் இன்னொரு வரி தையல் போட்டேன்.

கார்த்திகையில் வேறொரு இடத்திலிருந்து வந்தார்கள். அன்றைக்கும் தூறல்தான். நாத்தனார் முன்னாடியே வந்து, போர்வையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பூப்போட்ட பெட்ஷீட்டை விரித்துவிட்டாள். மகளுக்காக இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை.

காபி டம்ளர்களோடு நான் வெளியே வந்தபோது, பெட்ஷீட் மடித்து நாற்காலி மேல் இருந்தது. கட்டிலில் என் போர்வை. மகள் பட்டுப்புடவையோடு குனிந்து அதன் சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

“பாத்து உக்காருங்க,” என்றாள் பையனின் அம்மாவிடம். “நடுவுல இருக்கறது எங்கம்மா உப்பளத்துக்குப் போட்டுட்டுப் போன சட்டை. மழைக்கு ஈரமாத்தான் இருக்கும்.”

அந்த அம்மா உட்கார்ந்தாரா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.