பதினெட்டு மூச்சு

நோயாளியின் மூச்சை எண்ணும்போது, எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை எடுக்காமல், மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணால் எண்ண வேண்டும்.

இதை நான் என் மகளின் நோட்டில் படித்தேன். அப்போது அவள் கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். நர்ஸ் கவுன்சில் பரிட்சையில் தேறினால்தான் பதிவு. பதிவு இருந்தால்தான் வேலை. நான் சிதம்பரத்தில் பள்ளி வாத்தியார். பரிட்சை இங்கிலீஷில் என்பதால், ஞாயிற்றுக்கிழமை காலை பாசஞ்சர் ரயிலில் அவள் வந்ததும் நோட்டை வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பேன். தமிழில் பொருள் சொன்ன பிறகுதான் இங்கிலீஷில் சொல்ல விடுவேன். அடுப்படியிலிருந்து பாதிப் பதில்கள் வந்துவிடும்.

"மருந்து பாட்டில் லேபிளை எத்தனை வாட்டி பாக்கணும்?"

"மூணு வாட்டி. எடுக்கறப்ப, ஊத்தறப்ப, திரும்ப வெக்கறப்ப" என்பாள் என் மனைவி. அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு.

"யம்மா, பரிட்ச எனக்கா ஒனக்கா?"

"ஒனக்குத்தாண்டி. பாசாவப் போறதுதான் நானு."

பயிற்சிக்கு நோயாளியும் என் மனைவிதான். பாயில் படுக்க வைத்து, படுத்திருப்பவரை எழுப்பாமலே விரிப்பை மாற்றுவது எப்படி என்று மகள் செய்து காட்டுவாள். புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும் என்று சொல்லி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டுவாள். "பேஷண்டு சிரிக்கக் கூடாது" என்று அதட்டுவாள். பேஷண்டு இன்னும் சிரிப்பாள்.

அந்த வருஷம் மழை நின்ற பிறகு என் மனைவிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கிணற்றிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு படுக்க முடியாமல் போயிற்று. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து தூங்கினாள். பாதம் வீங்கி மெட்டி சதைக்குள் பதிந்தது. கழற்றச் சொன்னால், "நீங்க இருக்கறப்ப கழட்டுவாங்களா?" என்று கோபித்தாள்.

எங்கள் தெரு டாக்டர் காதில் குழாயை மாட்டி வெகுநேரம் கேட்டார். "இதயம் பலவீனமா இருக்கு. இங்க வெச்சுப் பாக்க முடியாது. கடலூருக்கு இட்டுக்கினு போங்க, நாளைக்கே" என்றார்.

கடலூர் என்றால் மகள் இருந்த அதே ஆஸ்பத்திரி. பரிட்சை தொடங்க ஒன்பது நாள் இருந்தது.

பரிட்சைக்குப் போகிற பிள்ளைக்குக் கெட்ட செய்தி போகக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் தம்பி பி.ஏ. எழுதியபோது சித்தப்பா காலமானதை மூன்று நாள் கழித்துத்தான் சொன்னோம். எல்லோரும் அதைச் சாமர்த்தியம் என்றார்கள். இப்போதும் எனக்கு அதுதான் தோன்றியது. மனைவி என்னைவிட உறுதியாக இருந்தாள். "என்னை வார்டுல பாத்தா அவ பேனாவையே தொட மாட்டா. முடியட்டும், போலாம்."

கீரப்பாளையத்திலிருந்து வந்த அவள் தம்பி மட்டும் சண்டை போட்டான். "மாமா, அக்கா மூஞ்சியப் பாத்தீங்களா? பரிட்ச அடுத்த வாட்டி எழுதிக்கும் பொண்ணு."

"ஒன் வேலையப் பாத்துக்கினு போடா" என்று அவனை விரட்டியது அவள்தான். நான் அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பரிட்சைக்கு முந்தின ஞாயிறு மகள் வந்தாள். விடிந்ததுமே நான் இரண்டு தலையணைகளைப் பரணில் ஒளித்துவிட்டேன். மனைவி புடவைக் கரையால் பாதத்தை மூடிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா இளைச்சாப்ல இருக்க? கைய குடு, கடசியா ஒரு வாட்டி பாத்துக்கறேன்." நொடி முள் வேண்டும் என்று நான் கொடுத்திருந்த என் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். "நூத்தி நாலு ஓடுதேம்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன்: "இப்பதான் அடுப்புகிட்டேர்ந்து எழுந்து வந்தா. வேலை செஞ்சா நாடி ஏறும்னு ஒன் நோட்டுலயே இருக்கேம்மா."

மகள் தலையாட்டினாள். கையை விடவில்லை. அவள் இப்போது எதை எண்ணுகிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மனைவி உதட்டை மூடி, கண்ணைத் தாழ்த்தி, ஒவ்வொரு மூச்சையும் மெதுவாக, சமமாக விட்டாள். கழுத்து நரம்பு புடைத்தது. மகள் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கி, நோட்டில் பதினெட்டு என்று எழுதினாள். நல்ல மூச்சு. அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போனதும் என் மனைவி வாயைத் திறந்து காற்றை அள்ளி விழுங்கினாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

கடைசிப் பரிட்சையன்று பிற்பகல் மனைவியை வாடகைக் காரில் கடலூருக்குக் கூட்டிப்போனேன். மகள் சீருடையோடு வார்டுக்கு ஓடி வந்தாள். அழவில்லை. கையைப் பிடித்து முழு நிமிடம் எண்ணினாள். நாற்பது.

"அன்னிக்கு எப்படிம்மா பதினெட்டு வந்துது?"

"எண்றது தெரிஞ்சா மூச்சு மாறும்னு நீதானடி சொன்ன" என்றாள் அவள் அம்மா, ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்தி.

சோப்புத் தண்ணீர் தடவி மெட்டியை மகள்தான் கழற்றினாள். அப்போது அவள் அம்மா தடுக்கவில்லை. இரண்டாம் நாள் விடியலில் எல்லாம் முடிந்தது. நாளைக்கே என்று டாக்டர் சொன்னபடி மறுநாளே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடலூரில் நான் எவரையும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

மகள் தேறிவிட்டாள். பதிவும் ஆயிற்று. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரே ஒரு முறை, சோறு போட்டுக்கொண்டே, "சந்தேகம் இருந்தா முழு நிமிஷம் எண்ணணும்னு எழுதியிருந்துதுப்பா. நாடி நூத்தி நாலு இருந்தும் நான் அரை நிமிஷத்துல வுட்டுட்டேன்" என்றாள். அரை நிமிடத்துக்கு மேல் அவள் அம்மாவால் அப்படி மூச்சு விட்டிருக்க முடியாது. அது எனக்கும் தெரியும். தப்பு உன்னுடையது இல்லை, நோட்டைக் காட்டி உன்னை ஏமாற்றியவன் நான் என்று சொல்ல வாயெடுத்தேன். "ரசம் ஊத்தும்மா" என்று தட்டை நீட்டினேன்.

இப்போதும் லீவில் வந்தால் முதல் வேலையாக என் மணிக்கட்டைப் பிடிக்கிறாள். நாடி முடிந்த பிறகும் கையை விடுவதில்லை. இயல்பாக மூச்சுவிடத்தான் பார்க்கிறேன். எண்ணுகிறாள் என்று தெரிந்த பிறகு அது வருவதில்லை. முழு நிமிடம் ஆகிறது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள்.

"மெய்யாலுமே ஒண்ணுமில்லம்மா" என்கிறேன்.

"சரிப்பா" என்கிறாள். கையை விடாமல், முள் மறுபடி பன்னிரண்டுக்கு வரக் காத்திருந்து, முதலிலிருந்து எண்ணத் தொடங்குகிறாள்.