அந்த வாக்கியத்தைச் சொன்னது யார்

ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள்களைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில் பத்தொன்பது வருடமாக உட்கார்ந்திருப்பவளுக்குக் 'குடை அக்கா' என்று பெயர் விழுந்ததில் வியப்பில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் எந்த நாளும் நாற்பது குடைக்குக் குறையாது.

ஜன்னலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் பொருளைத் தப்பாகத்தான் சொல்வார்கள். கறுப்புப் பை என்பார்கள், பழுப்புப் பை வந்து நிற்கும். போன மாதம் வாங்கிய குடை என்பார்கள், கம்பி துருப்பிடித்திருக்கும். யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. சத்தியம் பண்ணத் தயாராக இருப்பார்கள். ஒருவர் தன் பெட்டியைக் கண்ணால் பார்த்தபிறகும் "இது என்னுது இல்லம்மா" என்று மல்லுக்கு நின்றார். உள்ளே அவருடைய புகைப்படத்தோடு அடையாள அட்டை இருந்தது.

நாற்பத்தேழு வயதில் அவள் மனநல ஆலோசகர் பயிற்சியில் சேர்ந்தாள். வாரத்தில் மூன்று மாலை, ஓர் அச்சகத்துக்கு மேலே இருந்த அறையில் வகுப்பு. கீழே இயந்திரம் ஓடினால் மேஜை லேசாக நடுங்கும். கவனம், கற்றல், உணர்ச்சி என்று பாடங்கள் போயின. நினைவு பற்றிய பாடம் வந்தபோது அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. நடந்ததை மூளை படம்பிடித்து வைப்பதில்லை, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுகிறது, விட்டுப்போன இடத்தை வேறெங்கிருந்தோ எடுத்து நிரப்புகிறது என்று ஆசிரியை சொல்லி முடிப்பதற்குள் பெட்டிக்காரர் கதையை எடுத்துவிட்டாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல்.

வீட்டில் கணவர், எலக்ட்ரீசியன், கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இனிமே நான் மனசுல என்ன நினைக்கிறேன்னு உனக்குத் தெரிஞ்சிடுமா?"

"தெரியறதுக்கு என்ன இருக்கு? சாப்பாடு எப்பன்னு நினைப்பீங்க."

"பரவாயில்லையே, சரியாச் சொல்றே. ஃபீஸ் வேஸ்ட் இல்ல."

ஒன்றாம் தேதியிலிருந்து அவள் ஆலோசனை மையத்தில் உட்கார்ந்து, உதவி தேடி வருபவர்களோடு பேசப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் மனுஷன். ஆனால் அதற்கு முன் செய்முறைத் தேர்வு ஒன்று பாக்கி இருந்தது.

பயிற்சியில் இருக்கும் இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் தன் சொந்த விஷயம் ஒன்றைப் பேசுவார், மற்றவர் கேட்பார். அரைமணி நேரம், டேப் ஓடும். கேட்டவர் அன்றைக்கே டேப்பைப் போடாமல், பேச்சு முழுவதையும் நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு டேப்பைக் கேட்டு, மாறிய இடங்களில் சிவப்புக்கோடு போட்டு, வெள்ளிக்கிழமை தர வேண்டும். பேசியவரின் விஷயத்தையே மாற்றி எழுதியிருந்தால் இன்னும் மூன்று மாதம் பயிற்சி.

"டேப்பை நான் கேக்க மாட்டேன். அது உங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கணும், வேலை முடிஞ்சதும் அழிச்சிடுங்க. எனக்குப் பேப்பர் போதும்," என்றார் ஆசிரியை.

அவளுக்கு ஜோடியாக வந்தவர் நகரப் பேருந்து ஓட்டும் டிரைவர். விபத்தைப் பார்த்து ஆடிப்போகும் சக டிரைவர்களுக்கு ஆறுதலாகப் பேசத் தெரிய வேண்டும் என்று சேர்ந்தவர். செவ்வாய்க்கிழமை அவர் தன் மகளைப் பற்றிப் பேசினார். வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். பார்த்து ஒரு வருடம் ஆகிறது. போய் வர நான்கு நாள் லீவு வாங்கிவிட்டார், ஆனால் கால் எழவில்லை. குடை அக்கா அருமையாகக் கேட்டாள். உச்சுக் கொட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. முடிவில் அவர், "மனசு லேசாச்சுங்க" என்றார்.

புதன்கிழமை போன் செய்தார். "ரொம்ப நன்றிங்க. யோசிச்சுப் பார்த்தேன், போக வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். லீவைக் கேன்சல் பண்ணியாச்சு."

தானாகவே முடிவெடுத்திருக்கிறார் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை மதியம், கவுன்டரை மூடிவிட்டு, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பக்கத்தில் சில்லறை மாற்றங்கள்தான். இரண்டாம் பக்கத்தில், மகள் போனில் சொன்னதாக டிரைவர் சொன்னதை இப்படி எழுதியிருந்தாள்: "நீங்க வந்தா என்ன, வராட்டா என்ன." அதைச் சொல்லும்போது அவர் தலை குனிந்ததுகூட நினைவில் இருந்தது.

டேப்பில் டிரைவர் சொன்னது வேறு. "'வந்தா வாங்கப்பா, ரூம் காலியாத்தான் இருக்கு'ன்னா."

உடனே ஒரு பெண் குரல்: "நீங்க வந்தா என்ன, வராட்டா என்னன்னு சொல்ற மாதிரி இருந்துச்சோ?"

அது அவள் குரல்.

ஒன்பது வினாடிக்கு வெறும் அச்சு இயந்திரத்தின் சத்தம். பிறகு டிரைவர் மெதுவாக, "அப்படித்தான் போலிருக்கு" என்றார். மிச்சப் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போனது.

மூன்று முறை போட்டுக் கேட்டாள். அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று நெடுநேரம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு வருடத்துக்கு முன், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நாளைக்கு வருகிறேன் என்று போன் செய்தவளிடம் அவளுடைய அண்ணன் சொன்னது அது. அதன்பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னாள். தாள் பென்சிலில்தான் எழுதியிருந்தது.

"அழிச்சிட்டுச் சரியானதை எழுதிட்டுப் போயேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"டிரைவருக்குத் தெரியாது. அதாங்க பிரச்சினையே."

அப்படியே கிளம்பி டிப்போவுக்குப் போனாள். டிரைவர் அன்றைய ஓட்டத்தை முடித்து, நின்ற வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லலக்கா. அவ அப்படித்தான் சொன்னா. வந்தா என்ன, வராட்டா என்னன்னு."

"அப்படியா சொன்னா?"

"என் காதால கேட்டேனே!"

அவள் இயர்போனை நீட்டினாள். தன் குரலைக் கேட்டார். அவள் குரலைக் கேட்டார். தலையைச் சொறிந்துகொண்டார்.

"வார்த்தை வேற, சரி. ஆனா அவ பேச்சுல ஒரு சலிப்பு இருந்துச்சே."

"அது செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடியே உங்களுக்குத் தோணுச்சா?"

டிரைவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார். "இப்போ யோசிச்சா சொல்லத் தெரியலக்கா. நீங்க அவ்வளவு உறுதியாக் கேட்டீங்க, எனக்கும் அப்படியே ஒட்டிக்கிச்சு போல." பிறகு அவளிடமே கேட்டார். "இப்ப நான் என்ன பண்ணட்டும்? போகட்டுமா, வேணாமா?"

'போங்க' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நல்லா மாட்டிவிட்டுட்டு இப்போ வாயைத் திறக்க மாட்டேங்கறீங்களே," என்று எழுந்த டிரைவர் மகளைக் கூப்பிடப் போனை எடுத்தார். அவள் காதில் விழாத தூரத்துக்குத் தள்ளிப் போய் நின்றாள்.

வெள்ளிக்கிழமை தாளைக் கொடுத்தாள். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது, அடியில் சிவப்புக்கோடு. ஆசிரியை நிதானமாகப் படித்தார்.

"இதைச் சொன்னது யாரு?"

"நான்தான் மேடம். அவர் சொன்னதா நினைச்சுட்டேன்."

"உங்களுக்குச் சொன்னது?"

"எங்க அண்ணன்."

ஆசிரியை தாளின் மூலையில் 'மூன்று மாதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு பேர் கொடுத்ததில் டேப்போடு ஒத்துப்பார்த்த தாள் என்று நம்ப முடிவது இது ஒன்றுதான் என்றார். அதற்காக மாதம் குறையவில்லை. தெருவுக்குச் செய்தி சொல்லும் பொறுப்பைக் கணவரே ஏற்றுக்கொண்டார்.

கேன்சல் செய்த லீவு அதற்குள் வேறொருவருக்குப் போய்விட்டதால் டிரைவர் அடுத்த மாதம்தான் மகளைப் பார்க்கப் போனார். நான்கு நாளுக்குப் போனவர் மூன்றாம் நாளே திரும்பிவிட்டார். அறை சின்னதாம்; அவருக்கென்று மகள் புதிதாக வாங்கிப் போட்ட மெத்தை முதுகுக்கு ஒத்துவரவில்லையாம். தானும் இன்னும் பயிற்சியில் இருந்த அவர், வகுப்பு தொடங்குமுன் இதையெல்லாம் குடை அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கேட்க ஐந்தாறு கேள்விகள் இருந்தன. ஒன்றையும் கேட்கவில்லை, அவர் இன்னும் முடிக்கவில்லை.