மலை ஏறும் ஆட்டத்தில் இரண்டு பேர்

கேள்வி கேட்காமல் இரு என்று சொன்னால் ஜீனத்துன்னிசாவுக்குச் சோறு இறங்காது. திருக்கோவிலூர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் யார், எந்த ஊர், மருமகள் சரியாகப் பேசுகிறாளா என்பதெல்லாம் தியாகதுருகம் தாண்டுவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். புது மிக்சியைக் கழற்றிப் போட்டு, உள்ளே என்னதான் சுற்றுகிறது என்று பார்த்தவள். திரும்பப் பூட்டும்போது ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது, ஆனாலும் மிக்சி ஓடத்தான் செய்கிறது. "இவ மட்டும் போலீஸ்ல சேந்திருந்தா கள்ளக்குறிச்சி ஸ்டேஷன்ல ஒரு கேஸும் பாக்கி இருக்காது" என்பார் அவள் கணவர் முகம்மது கவுஸ். கடைவீதியில் குடம், பக்கெட், முறம் என்று பிளாஸ்டிக் சாமான் விற்கிறவர். மனைவியின் கேள்விகளுக்குப் பயந்தே கடையைச் சீக்கிரம் திறந்து தாமதமாகச் சாத்துகிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

இப்படிப்பட்டவள் வீட்டில் மகன் நவுஷாத் ஒரு கேம் பெட்டியை விட்டுவிட்டு ஷார்ஜா வேலைக்குத் திரும்பிப் போனால் என்ன ஆகும்? லீவில் வந்தபோதெல்லாம் அவனும் அவன் கூட்டாளி சுபைரும் டிவி முன்னால் உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு கத்துவதைப் பார்த்திருக்கிறாள். அப்படி என்னதான் இருக்கிறது அதில்? மகன் விமானம் ஏறிய வாரமே, ஒரு மத்தியானத் தொழுகையை முடித்துவிட்டுப் பெட்டியைத் தட்டிவிட்டாள். திரையில் இரண்டு பொம்மைகள் வந்தன. ஒன்று இவள் சொன்னபடி நடந்தது. இன்னொன்று நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றது. எந்தப் பித்தானை அமுக்கினாலும் அசையவில்லை. இரண்டாவது ஆள் வராமல் கதவு திறக்காது என்று புரிந்துகொள்ள அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

வீட்டில் இருந்த இரண்டாவது ஆள் பெரியம்மாள்தான். கருணாபுரத்திலிருந்து வந்து வீட்டு வேலை செய்கிறவள். அப்போது பின்கட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, கைய தொடச்சினு இங்க வா."

"இன்னாங்க பாயம்மா?"

"இந்த ரிமோட்ட புடி. உன் பொம்ம நகரலைன்னா என் பொம்மைக்கு வழி இல்லியாம்."

அப்படித் தொடங்கியதுதான். சோபாவில் உட்காரச் சொன்னால் பெரியம்மாள் உட்காரமாட்டாள். அதனால் ஜீனத்தும் இறங்கி, தரையில் பாயை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேலை முடிந்த மத்தியானங்களில் அது வழக்கமாகிவிட்டது.

இரண்டு பேர் சேர்ந்து ஆடும் ஆட்டமாகத் தேடித் தேடி ஆடினார்கள். முதலில் சமையல் ஆட்டம். ஓட்டல் அடுப்படியில் இரண்டு பேர் நிற்கவேண்டும், ஆர்டர் மேல் ஆர்டர் வரும், ஒருத்தி நறுக்க, ஒருத்தி வதக்க, நேரத்துக்குள் தட்டு வெளியே போகவேண்டும். இதில் பெரியம்மாள் செய்த கூத்து சொல்லி மாளாது. எச்சில் தட்டு ஒன்று திரும்பி வந்தால் போதும், அடுப்பில் பாதி வெந்ததை அப்படியே விட்டுவிட்டு அவள் பொம்மை தொட்டிக்கு ஓடிவிடும். வாசலில் வாடிக்கையாளர்கள் முகம் சிவந்து எழுந்து போவார்கள், சட்டி தீப்பிடிக்கும்.

"ஏம்மா, ஆட்டத்துல கூட பத்து தேய்க்கத்தான் போவியா?"

"எச்ச தட்டு கெடந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குதுங்க."

அடுத்தது லாரி ஆட்டம். ஒருத்தி ஓட்டவேண்டும், ஒருத்தி பின்னால் நின்று மூட்டை விழாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். ஓட்டுகிற இடத்தைக் கொடுத்தாலும் பெரியம்மாள் வாங்கமாட்டாள். "நீங்க ஓட்டுங்க, நான் மூட்டைய பாத்துக்கறேன்" என்பாள். எல்லாவற்றையும் கிளறிப் பார்க்கிற ஜீனத்துக்கு இது ஒரு முள்ளாகக் குத்தத் தொடங்கியது. இவள் ஏன் எப்போதும் பின்னால் போய் நிற்கிறாள்? ஆட்டத்தில் எஜமானி யார், வேலைக்காரி யார்? கேட்டால் பெரியம்மாள் சிரித்துவிட்டு முந்தானையால் ரிமோட்டைத் துடைப்பாள்.

மூன்றாவதாக வந்தது மலை ஆட்டம். இருவருக்கும் உயிர் அதில்தான். குண்டுப் பொம்மை ஒன்று, சின்னப் பொம்மை ஒன்று. தொப்பை வைத்த குண்டு ஜீனத், குல்லாய் போட்ட சின்னது பெரியம்மாள். இது முதல் நாளே யாரும் சொல்லாமல் முடிவானது. இரண்டும் சேர்ந்து ஒரு பெரிய மலை ஏறவேண்டும். உச்சியில் ஒரு வெளிச்சம் மினுக்கிக்கொண்டே இருக்கும். கச்சிராயபாளையம் பக்கம் போகும்போது தெரியும் கல்வராயன் மலை மாதிரியே அடுக்கடுக்காக இருக்கிறது என்பாள் பெரியம்மாள். அந்த வெளிச்சம் என்ன? வீடா, கோயிலா, யாராவது தீ மூட்டியிருக்கிறார்களா? நவுஷாத் போனில் சொல்ல வாயெடுத்தான். "சொன்னே, உன் போன எடுக்கவே மாட்டேன்" என்று அதட்டிவிட்டாள் தாய். கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதை விட்டு யாரோ சொல்லிக் கேட்பதா?

இந்த நேரத்தில்தான் பெரியம்மாள் அந்தச் சேதியைச் சொன்னாள். மகள் பாரதிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள், அம்மாவும் கூட வந்துவிடவேண்டும் என்கிறாள்.

"கருணாபுரத்துல இனிமே எனக்கு யாருங்க இருக்காங்க? ஞாயித்துக்கெழம கெளம்பறேன் பாயம்மா."

ஊரில் உள்ள எல்லாரையும் எல்லாம் கேட்கிற ஜீனத்துக்கு அன்றைக்கு வாயில் ஒரு கேள்வியும் வரவில்லை. "ஓசூர் குளுருமே" என்றாள், அவ்வளவுதான். போகாதே என்று சொல்ல நாக்கு துடித்தது. எந்த உரிமையில் சொல்வது? அதற்கு முன் அந்த உச்சிக்காவது இருவரும் போய்ச் சேர்ந்துவிடவேண்டும் என்று மனசுக்குள் கட்டிக்கொண்டாள். ஒரு காரியத்தையாவது இவளோடு சேர்ந்து முழுசாக முடித்ததாக இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்திருப்பார்கள். ஆனால் உச்சிக்குக் கீழே ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். முன்னால் செங்குத்தான பாறை. பாறையின் அடியில் நீளமாக ஒரு கல், தலைமாட்டில் ஒரு விளக்கு, மேலே நைந்த பச்சைத் துணி. அதைப் பார்த்ததும் ஜீனத்தின் கை தானாக முக்காட்டை இழுத்துவிட்டது. பெரியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாரோ அவுலியா அடங்கின தர்கா மாரி கீதே" என்றாள் ஜீனத்.

"எங்க கொலசாமியும் இப்படித்தாங்க கல்லா கெடக்கும்."

நவுஷாத்தைக் கேட்டதற்கு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "ம்மா, அந்தக் கல்லு மேல ஏறி எகிறுங்க, பாறைய புடிச்சிக்கலாம். எல்லாரும் அப்படித்தான் போவாங்க. அது வெறும் கல்லும்மா!"

"வெறும் கல்லுன்னு எல்லாத்தையும் மிதிச்சினு போவ முடியுமாடா?" என்று போனை வைத்துவிட்டாள். இந்த விஷயத்தில் இரண்டு பெண்களுக்கும் பேச்சே தேவைப்படவில்லை. மிதிக்கக்கூடாது என்றால் மிதிக்கக்கூடாது. உலகம் முழுக்கப் பிள்ளைகள் ஒரே தாவலில் தாண்டிப் போகிற இடத்தில், கள்ளக்குறிச்சியில் இருவர் மட்டும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். பாத்திரம் தேய்க்கக்கூட விடாமல் பெரியம்மாளை இழுத்து உட்காரவைத்திருந்தாள் ஜீனத். வேறு வழி இல்லாமலா போய்விடும் என்று ஜீனத் எல்லாப் பித்தானையும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தாள். எதை எதோடு சேர்த்து அமுக்கினாளோ, குண்டுப் பொம்மை பாறை ஓரமாகப் போய் முதுகைக் காட்டிக் குனிந்தது. சின்னப் பொம்மை கிட்டே வந்ததும் அதன் தோள்மேல் ஓர் அம்புக்குறி மின்னியது. ஜீனத் எம்பி உட்கார்ந்துவிட்டாள்.

"ஹா! வழி கெடச்சிருச்சு! என் தோள் மேல கால வெச்சு ஏறு பெரியம்மா. அங்கருந்து பாறைய புடிச்சிக்கலாம்."

பெரியம்மாள் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டாள்.

"வேணாங்க."

"ஏன்?"

"உங்க தோள்ல நான் கால வெக்கறதா? நல்லா இருக்குது நாயம்."

"பொம்ம தானேடி?"

"பொம்மதான். இத்தினி நாளா அது நீங்கதானே?"

ஜீனத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் மட்டும் இல்லை. எவ்வளவு வருஷமாக ஒரே கூரையின் கீழ் புழங்குகிறோம், ஒரே பாயில் உட்கார்ந்து கத்துகிறோம், இன்னும் இவள் மனசில் நான் அந்தப் பச்சைத் துணி போர்த்திய கல்தானா என்று நெஞ்சு வலித்தது.

"நான் உனக்கு யாரு பெரியம்மா? உண்மைய சொல்லு."

"இதென்ன கேள்விங்க. சோறு போடற மவராசி."

அவள் எதிர்பார்த்த பதில் அது இல்லை. பெரியம்மாள் மேல் குற்றமும் இல்லை. மாசம் பிறந்தால் சம்பளம், பெருநாளுக்குப் புடவை என்று வாங்கிப் பழகிய வாயில் வேறு என்ன வரும்? ஜீனத் தன் ரிமோட்டை அவள் மடியில் போட்டு, அவளுடையதைத் தான் எடுத்துக்கொண்டாள்.

"சரி, மாத்திக்கலாம். நீ குண்டு, நான் சின்னது. இப்ப இன்னா பண்ணுவே?"

பெரியம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "இது இன்னா கஷ்டம்" என்று, ஜீனத் அமுக்கியதைப் பார்த்து வைத்திருந்தபடியே இரண்டு பித்தானையும் சேர்த்து அமுக்கினாள். குண்டுப் பொம்மை குனிந்தது. "ஏறுங்க பாயம்மா."

கட்டைவிரலை வைத்தால் போதும். ஏறிவிடலாம், உச்சியைப் பார்த்துவிடலாம். ஆனால் அவள் குனிந்த வேகம் இருக்கிறதே, அது ஜீனத்தை உறைய வைத்துவிட்டது. கூப்பிட்ட உடனே, சிரித்த முகத்தோடு. இந்தத் தோள்மேல் இத்தனை வருஷம் நின்றிருக்கிறேன், கேள்விகேட்டுப் பேர் வாங்கிய நான் கீழே யார் குனிந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. விரல் பித்தானைத் தொட மறுத்தது.

"என்னாலயும் முடியல. உட்டுரலாம். அணைச்சிடு."

பெரியம்மாள் அணைக்கவில்லை. ஜீனத்தின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள், திரையை ஒரு தரம் பார்த்தாள்.

"அப்ப மேல இன்னா கீதுன்னு பாக்காமயே நான் ஊருக்குப் போவணுமா?"

"உனக்குமா பாக்கணும்?"

"பின்ன? நீங்க கூப்புடறீங்களேன்னு ஆடறேன்னு நெனச்சினு இருந்தீங்களா? கண்ண மூடினா அந்த வெளிச்சந்தான் வந்து நிக்குது. அது இன்னாவா இருக்கும்னு பாரதிகிட்ட போன்ல பேசினா, உனக்கு பைத்தியமாம்மான்றா."

உலகத்தில் உள்ளவர்களை எல்லாம் துருவிய ஜீனத்துக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கும் தன்னைப் போலவே ஓர் அரிப்பு இருந்தது தெரியவில்லை. பெரியம்மாள் கையிலிருந்ததை ஜீனத்தின் மடியில் போட்டுவிட்டுத் தன் பழைய ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"குடுங்க இப்படி. நீங்க குனிங்க."

ஜீனத் குண்டுப் பொம்மையைக் குனிய வைத்தாள். பெரியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பித்தானை அமுக்கினாள். குல்லாய்ப் பொம்மை ஒரு காலைத் தூக்கி வைத்தது, மறு காலையும் தூக்கி வைத்தது. அதே நொடியில் பெரியம்மாளின் இடது கை ரிமோட்டை விட்டு வந்து, ஜீனத்தின் தோளை நிஜமாகவே தொட்டு, தன் கண்ணில் ஒற்றிக்கொண்டது. தெரியாமல் கால் பட்டுவிட்டால் அக்காள் தங்கைக்குள் செய்துகொள்வார்களே, அது மாதிரி. கண்ணை எடுக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டே அவள் அதைச் செய்தாள்.

சின்னப் பொம்மை பாறைக்கு மேலே போய்த் திரும்பி, குப்புறப் படுத்துக் கீழே கையை நீட்டியது.

"இப்ப நான்தாங்க உங்கள தூக்கணும் போல. புடிங்க. யப்பா, இன்னா கனம்!"

"அதிகப்பிரசங்கி, இழு!"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அதற்கப்புறம் வழி சுலபமாக இருந்தது. உச்சியில் வீடும் இல்லை, கோயிலும் இல்லை. நட்டுவைத்த ஒரு மூங்கில், அதில் தொங்கும் ஓர் அரிக்கேன் விளக்கு, அவ்வளவுதான். பொம்மைகள் இரண்டும் தாமாகவே விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டன.

"அட, வெளக்குதானா?" என்றாள் பெரியம்மாள். ஏமாற்றம் கொஞ்சமும் இல்லை அவள் குரலில். "யாரு கொண்டாந்து வெச்சிருப்பாங்க பாயம்மா?"

வாரம் முழுக்க ஜீனத் அடக்கிவைத்திருந்தது தானாக வெளியே வந்துவிட்டது.

"நாளைக்குப் போவாத பெரியம்மா."

"போவாம எப்பிடிங்க? பாரதி காத்துக்கினு இருப்பா."

சொல்லிவிட்டாளே தவிர, பெரியம்மாள் எழுந்திருக்கவில்லை. தேய்க்க வேண்டிய பாத்திரம் பின்கட்டில் அப்படியே கிடந்தது.