பம்ப் சுற்றும் பக்கம்

காத்தவராயனைப் போல ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் என்று பலகை மாட்டிய பஸ்ஸில் ஏறிவிட்டு, கடலூர் போகுமா என்று கண்டக்டரைக் கேட்பார். போதாதென்று பக்கத்து சீட்டுக்காரரையும் கேட்பார். "என்னயாவது நம்புறியா, இல்லியா?" என்று மனைவி தில்லையம்மாள் கேட்டால் சிரித்து மழுப்புவாரே தவிர, ஆமாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

சும்மா வந்த குணமா அது? 2004இல், சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பம்ப் ஆபரேட்டராகச் சேர்ந்த புதிதில், "கரன்ட்ட நிறுத்தியாச்சு, தைரியமா கைய வை" என்று ஒருவன் சொன்னான். நம்பி வைத்தார். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் சுழன்று, வலது நடுவிரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அடுத்தவன் பேச்சை நம்பி அவர் ஒரு சுவிட்சையும் தொட்டதில்லை.

2010 ஆயுத பூஜை முடிந்து இரண்டாம் நாள். கூலிங் டவர் பம்பின் மோட்டார் எரிந்துபோய், உள்ளே செப்புக் கம்பிச் சுருள் புதிதாகக் கட்டி அன்றுதான் திரும்பி வந்திருந்தது. மாட்டியவன் தில்லையம்மாளின் தம்பி அன்பரசு. இரண்டு பிள்ளைக்காரன், கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அந்த மாதம்தான் அவனைப் பர்மனென்ட் ஆக்குவதாக இருந்தார்கள்.

"எல்லாம் பாத்துட்டேன் மாமா. ஸ்டார்ட் பண்ணுங்க."

அந்த வார்த்தைதான் அவருக்கு ஆகாதே! தண்ணீர் உள்ளே வரும் வால்வைப் பார்த்தார்; முழுக்கத் திறந்திருந்தது. வெளியேற்றும் வால்வு மூடியிருந்தது, சரி. காற்றுத் திருகைத் தளர்த்தினார். குமிழி இல்லாமல் தண்ணீர் வந்தது. ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்கு உறுத்தியது.

"கப்ளிங்கக் கழட்டு மச்சான். மோட்டார மட்டும் தட்டிப் பாப்போம்."

"எம்மேல அவ்ளோ அவநம்பிக்கையா மாமா?"

"கழட்டுன்னா கழட்டு."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றினான். காத்தவராயன் சுவிட்சைத் தட்டி, உடனே அணைத்தார். மோட்டார் இடப்பக்கமாகச் சுற்றி நின்றது. வலப்பக்கம் சுற்ற வேண்டிய பம்ப் அது! அப்படியே ஓட விட்டிருந்தால் உள்ளே தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் மரை கழன்று பம்பையே உடைத்திருக்கும்.

மோட்டார் தப்பாகச் சுற்றியதைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் சபாபதி ஓடிவந்தார். "பம்பு மேல, சுத்துற பக்கம் காட்டுற அம்புக்குறியப் பாத்து ஒயர் குடுக்கத் தெரியாதவன எதுக்குய்யா வச்சிருக்கோம்? காத்தவராயா, நடந்தத எழுதிக் குடு. இவன இன்னியோட அனுப்பிடறேன்."

"பம்புல அம்புக்குறியே இல்ல சார்" என்றான் அன்பரசு.

காத்தவராயனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புளுகுகிறான் பாவி, அக்கா புருஷன் காப்பாற்றுவான் என்று நினைக்கிறான்! அம்புக்குறியைத் தொட்டுக் காட்டவே, பேனாவும் காகிதமுமாகப் பம்பின் அருகில் குனிந்தார்.

இல்லைதான். பூஜைச் சந்தனம் அந்த இடத்தில் கெட்டியாகக் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டினார், சிவப்பு அம்பின் நுனி தெரிந்தது. எந்த மடையன் இதன்மேல் போய் அப்பினான்? மூன்று விரலால் இழுத்த பட்டை. மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் மட்டும் கோடே இல்லை.

மற்றவர்கள் ஒழுங்காக வைக்க மாட்டார்கள் என்று, அந்த வருஷம் எல்லா மெஷினுக்கும் சந்தனம் வைத்தது அவரேதான்.

"என்னய்யா பாக்குற? எழுது."

காத்தவராயன் நிமிர்ந்தார். இத்தனை வருஷமாக யார் கண்ணிலும் படாமல் மடக்கியே வைத்திருந்த வலது கையை விரித்து, சபாபதியின் முகத்துக்கு நேரே காட்டினார்.

"எழுதுறேன் சார். எம்பேர எழுதுறேன்."