பொட்டை அழிக்கும் படம்

இன்று காலை மருமகளுக்கு எல்எல்ஆர் வாங்க ஆர்டிஓ ஆபீசுக்குத் துணைக்குப் போனேன். வாடிப்பட்டியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. அந்த நேரத்துக்கு எங்கள் ஊரில் பஸ் இல்லை. ஸ்கூட்டர் ஓட்டினால்தான் வேலை.

முதலில் எல்லாரையும் உட்காரவைத்து சாலைப் பாதுகாப்புப் படம் போட்டார்கள். ஹெல்மெட் போடாதவன் லாரியில் அடிபட்டுச் சாகிறான். அடுத்து அவன் பொண்டாட்டியின் வளையலை உடைத்து, நெற்றிப் பொட்டை அழிக்கிறார்கள். திரை முழுக்க அந்த நெற்றிதான்.

என் மகன் பைக்கில் போய்ச் செத்து மூன்று வருசம். அன்றைக்கு இவள் பொட்டில் கைவைக்க வந்த என் நாத்தனாரை வாசலோடு விரட்டினேன். இன்றுவரை அவளோடு பேச்சில்லை.

படம் முடிந்து திரும்பினால், மருமகள் தன் பொட்டை முந்தானையால் துடைத்துவிட்டிருந்தாள்.

"வண்டி வேணாம் அத்தை. வீட்டுக்குப் போவோம்."

பின்னால் இருந்த மூன்று இளவட்டங்கள் படம் முழுக்கச் சிரித்தார்கள். முடிந்ததும் ஹெல்மெட் இல்லாமல் மூவரும் ஒரே பைக்கில் போனார்கள்.

இந்தப் படத்தை எதற்குப் போடுகிறீர்கள் என்று ஆபீசரிடம் கேட்டேன்.

"பயம் இருந்தாத்தான் அப்பத்தா ஒழுங்கா ஓட்டுவாங்க."

"பயப்பட வேண்டியவய்ங்க அந்தா மூணு பேரா போறாய்ங்க. பயந்தவ வண்டியே வேணாங்கிறா. அப்புறம் யாருக்குய்யா இந்தப் படம்?"

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அவள் இன்னும் வண்டிச் சாவியைத் தொடவில்லை.

அந்தப் படத்தை எடுத்தவர் யாரென்று தெரிந்தால் பெயரை மட்டும் கீழே கமெண்டில் போடுங்கள். மறக்காமல் இருப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.