மூன்றாம் கணினியில் மட்டும் தெரிந்த தமிழ்

காலையில் கணினியைத் திறந்தால் முதலில் வருவது ஒரு கேள்வி: "என்னையே உங்கள் நிரந்தர உலாவியாக வைத்துக்கொள்ளலாமே?" போன வாரம்தான் மறுத்தேன். அதற்கு முந்திய வாரமும் மறுத்தேன். ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல அங்கே வழியே இல்லை. "பிறகு கேள்" என்று மட்டும் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். கல்யாணத் தரகர்கூட நாம் இரண்டு தடவை முகம் சுளித்தால் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். இதற்கு அந்த ரோசமும் கிடையாது.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். ஆளுக்கேற்ற உலாவியைத் தேர்ந்து கொடுப்பதுதான் ஒரு காலத்தில் என் வேலை. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட, ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் நெட் கஃபே. படி ஏறும்போதே ஈரக் காலுறை நாறும். தூசி பட்டால் கணினி செத்துப்போகும் என்று நம்பிய மொதலாளி, வருகிறவர்கள் எல்லோரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சட்டம் போட்டிருந்தார். கண்டி மழையில் நனைந்து வருகிற கால்கள் எப்படி மணக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கும் அந்த நாற்றம் மூக்கில் பட்டால் எனக்கு இன்டர்நெட் ஞாபகம்தான் வருகிறது.

நான் அப்போது ஒரு கோர்ஸ் முடித்த கையோடு பெரிய மேதாவி. கறுப்புச் சுழல்கதிரையில் உட்கார்ந்து, வருகிறவர் என்ன வேலையாக வந்திருக்கிறார் என்று கேட்டு, "நீங்க ரெண்டுல உக்காருங்க, நீங்க அஞ்சுக்குப் போங்க" என்று அனுப்புவேன். ஒரு உலாவியில் திறக்கும் பக்கம் இன்னொன்றில் திறக்காது. அதனால் கணினிக்கு ஒன்றாகப் போட்டு வைத்திருந்தோம். இதில் மூன்றாம் கணினிதான் தமிழுக்கு. இப்போது போல எந்தக் கருவியைத் திறந்தாலும் தமிழ் வருகிற காலமில்லை அது. வெளிநாட்டிலிருந்து நம்மவர்கள் தமிழில் கடிதம் எழுதவென்று ஒரு இணையத்தளம் இருந்தது. அதற்குத் தனியான எழுத்து, ஃபொன்ட் என்பார்கள். அந்த எழுத்து ஒரேயொரு உலாவியில் மட்டும் இறங்கும். மற்றவற்றில் வரிவரியாகச் சின்னச் சின்னப் பெட்டிகள்தான் தெரியும்.

இந்தப் பெட்டிகளை நம்பி ஒரு நாள் அழுதவர் ஹாஜரா தாத்தா. மீசை வைத்த தாத்தா அல்ல. முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். அக்குறணையிலிருந்து பஸ்ஸில் வருவார். கலியாணமாகிக் கொஞ்ச நாளிலேயே கணவர் கட்டாருக்குப் போய்விட்டார். பேச்சென்றால் அந்த மனிதருக்கு வேப்பங்காய். தொலைபேசியில் "ம்" என்பார், "சரி" என்பார், வைத்துவிடுவார். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஆளே வேறு.

அன்றைக்கு மூன்றில் யாரோ ஒரு கனவான் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். நான் தேநீர் குடிக்கப் போயிருந்தேன். ஹாஜரா தாத்தா பொறுமையில்லாமல் ஐந்தில் உட்கார்ந்து கடிதத்தைத் திறந்துவிட்டார். நான் வரும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அவருக்கு என்னமோ கோவம். ஒரு எழுத்துமில்ல. வெறும் பெட்டி பெட்டியா அனுப்பீக்கிறார்."

கனவானை எழுப்பிவிட்டு மூன்றில் திறந்து காட்டினேன். நீளமான கடிதம். மகள் சஹ்லா பிறந்து சில வாரங்கள்தான். ஹாஜரா தாத்தாவுக்கு எதையும் வாய்விட்டுத்தான் வாசிக்க வரும், அதனால் கடை முழுக்கக் கேட்டது. பிள்ளை அழும் சத்தத்தை ஒரு கசெட்டில் பிடித்து அனுப்பும்படி கணவர் எழுதியிருந்தார். வேலை செய்கிற இடத்தில் யாருடைய பிள்ளை அழுதாலும் கையிலிருப்பதை வைத்துவிட்டு நின்றுவிடுகிறாராம். சீட்டு விளையாடிய கனவான்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு ஹாஜரா தாத்தா வேறு கணினியைத் தொட்டதில்லை. "அவர் மூணுல தான் பேசுவார்" என்பார்.

அந்தத் தளம் மூடப்போகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு அறிவித்தல் வந்தபோது, கடிதங்களையெல்லாம் சேமித்து ஒரு சீடியில் போட்டுக் கொடுத்தேன். சீடி இருந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

போன மாதம் குண்டசாலையிலிருக்கிற என் வீட்டுக்கு ஹாஜரா தாத்தா வந்தார், கூடவே சஹ்லா. வளர்ந்து, படித்து, மேல்படிப்புக்கு வெளிநாடு போகப்போகிறாள். கணவர் எப்போதோ ஊருக்குத் திரும்பிக் கடை வைத்திருக்கிறார், அதே "ம்", அதே "சரி". வாப்பாவுக்குத் தன்மேல் பாசமில்லை என்று அந்தப் பெண்ணின் மனதில் விழுந்துவிட்டது. போகிற செய்தியைச் சொன்னதற்கும் "சரி" என்றாராம்.

"இவ போறதுக்கு முந்தி அந்தக் காயிதத்த ஒருக்கா வாசிக்கோணும் தங்கச்சி. வாசிச்சிட்டா வெளங்கும்."

சீடியைத் திறந்தேன். கேள்விக்குறிகளும், தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகளும். இன்னொரு உலாவியில் திறந்தேன், அதே குப்பை. வேகமானது, பாதுகாப்பானது, உலகத்திலேயே சிறந்தது என்று பீற்றிக்கொள்கிற எல்லாவற்றிலும் பார்த்தேன். பழைய உலாவியைத் தேடினால், அதை நிறுத்திவிட்டார்களாம். தளம் இல்லை, அந்த எழுத்தும் இல்லை. இதற்குள் ஒரு உலாவி தானாகவே மூக்கை நுழைத்தது: "இந்தப் பக்கம் ஐஸ்லாந்து மொழியில் உள்ளது போலிருக்கிறது. மொழிபெயர்க்கவா?" எனக்கு மடிக்கணினியைத் தூக்கி மகாவலியில் போடலாம் போலிருந்தது. யாரைக் கேட்டு நிறுத்தினார்கள்? தமிழில் எழுதியவன் என்ன ஆனான் என்று நிறுத்தும்போது ஒருவராவது நினைத்தார்களா?

அன்றைக்குக் கடையில் நான் காதால் கேட்டதைச் சொன்னேன், கசெட், பிள்ளை அழுகை, எல்லாம். சஹ்லா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உம்மாவும் இதத்தான் சொல்ற ஆன்ட்டி," என்றாள். "வாப்பாட்டயும் கேட்டேன். ஞாபகமில்ல எண்டார்."

கஃபே போனது, சீட்டு விளையாடிய கனவான் போனார், வாசலில் சப்பாத்துக் கழற்றும் வழக்கமும் போனது. அதற்கெல்லாம் நான் அழவில்லை. ஒரு மனிதர் தன் மகளைப் பற்றி மனம் திறந்து சொன்னது அந்த ஒரு காலத்தில்தான். அவள் பிறந்ததற்கு அவர் எப்படி மகிழ்ந்தார் என்பதற்கு இனி ஹாஜரா தாத்தாவும் நானும்தான் சாட்சி. எங்கள் இருவரையும் சஹ்லா நம்பவில்லை.