பஞ்சு வயிறு கட்டிவிட்டவள்

வாடகைத்தாய் பற்றிய காமெடிப் படத்தை எங்கள் கூடத்தில் எடுக்க என் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். நாயகிக்குப் பஞ்சு வயிறு கட்டிவிட மலையாளம் கலந்த தமிழ் பேசும் ஒல்லியான ஒரு பெண் வந்திருந்தாள். அந்த வயிற்றைக் கீழே வைக்கவே மாட்டாள். எப்போதும் மடியில்தான் வைத்திருப்பாள்.

அன்றைய காட்சியில் வயிறு நழுவித் தரையில் விழ வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும். எனக்குப் பதறியது.

“எம்பொண்ணுக்கு எட்டு மாசம், உள்ளே படுத்திண்டிருக்கா. முன்னே ரெண்டு தங்கலை. இது அவ கண்ணுல படப்படாதும்மா” என்றேன் அவளிடம்.

“பேடிக்காதீங்க மாமி, பயமே வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்.”

வயிறு நழுவியதும் அவள் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டாள்.

“சேச்சி, அது விழுந்தாத்தானே காமெடி” என்று டைரக்டர் சிடுசிடுத்தார்.

“கை தன்னால போயிருச்சு சார்.”

மறுபடி எடுத்தபோது, அவள் என் மகளின் அறைக் கதவைச் சாத்தி அதில் சாய்ந்து நின்றாள். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அவள் கண்கள் மூடியிருந்தன, உதடுகள் அசைந்தன. பகவதியை வேண்டினாளோ, கர்த்தரையோ, நான் கேட்கவில்லை. நானும் பக்கத்தில் போய்க் கதவில் சாய்ந்துகொண்டேன்.